காலி நாற்காலிகளின் கணக்கு

(முன்னாள் மாணவர் சங்கத்தின் ஆண்டுக் கூடுகையில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம். பேச்சு நடை ஆங்காங்கே அப்படியே விடப்பட்டுள்ளது.)

மாணவச் செல்வங்கள் முன்வரிசையைக் காலியாக விட்டுவிட்டுப் பின்வரிசையில் நெருக்கியடித்து உட்கார்ந்திருக்கிறார்கள்.

மாணவர்கள் பின்வரிசையில் உட்கார்ந்ததற்கு நான் கோபித்துக்கொள்ளவில்லை. நான் பேச வந்த விஷயத்தை அவர்களே ஆரம்பித்துக் கொடுத்துவிட்டார்கள். இந்த ஹாலில் எத்தனை இருக்கை, எத்தனை பேர் வந்திருக்கிறார்கள் என்று ஒரு சதவீதம் போட்டுப் பார்த்தால் "இடம் தாராளம்" என்று விடை வரும். கடைசி பெஞ்சில் உட்கார்ந்திருப்பவரைக் கேட்டால், "மூச்சு விட இடமில்லை சார்" என்பார். இரண்டு பேர் சொல்வதும் உண்மைதான். அலுவலகக் கட்டடங்களிலும் தினந்தோறும் இதே வழக்குதான் நடக்கிறது. நிர்வாகம் "பாதி சீட் காலி" என்கிறது. ஊழியர் "சீட்டே கிடைக்கலை" என்கிறார். இந்த வழக்கைத் தீர்த்து வைக்கிற கணக்கு வேலைதான் என்னுடைய பிழைப்பு. அதைப் பற்றித்தான் இன்றைக்குச் சொல்லப் போகிறேன்.

ஏன் அளக்க வேண்டும்?

ஒரு கம்பெனிக்குச் சம்பளத்துக்கு அடுத்தபடியான பெரிய செலவுகளில் ஒன்று கட்டடம். வாடகை, மின்சாரம், ஏ.சி., பராமரிப்பு, காவல் எல்லாம் சேர்ந்தது அது. நாற்காலியில் ஆள் இருந்தாலும் இல்லாவிட்டாலும் ஏ.சி. ஓடிக்கொண்டிருக்கும். 2020இல் கொரோனா வந்த பிறகு உலகம் முழுவதும் அலுவலகப் பழக்கமே மாறிவிட்டது. வாரத்தில் இரண்டு நாள், மூன்று நாள் வந்தால் போதும் என்ற ஏற்பாடு வந்ததும், எல்லோரும் கேட்ட முதல் கேள்வி, "நமக்கு இவ்வளவு இடம் வேணுமா?" என்பதுதான்.

அரசாங்கங்களும் இதே கேள்வியைக் கேட்டன. அமெரிக்காவில் நாடாளுமன்றத்துக்குக் கட்டுப்பட்ட ஜி.ஏ.ஓ. என்ற தணிக்கை அமைப்பு 2023 ஜூலையில் ஓர் அறிக்கை தந்தது. அந்த ஆண்டின் முதல் மூன்று மாதங்களில் மாதத்துக்கு ஒரு வாரம் வீதம் எடுத்துப் பார்த்ததில், 24 மத்திய அரசுத் துறைகளில் 17 துறைகள் தங்கள் தலைமை அலுவலகக் கொள்ளளவில் சராசரியாக 25 சதவீதமோ அதற்கும் குறைவாகவோதான் பயன்படுத்தின என்று மதிப்பிட்டது. அங்கே அரசு அலுவலகக் கட்டடங்களை நடத்திப் பராமரிக்க மட்டும் ஆண்டுக்குச் சுமார் 200 கோடி டாலர் செலவாகிறது. 2025 ஜனவரியில் சட்டமே வந்துவிட்டது: கட்டடத்தில் எவ்வளவு பேர் இருக்கிறார்கள் என்று அளக்க வேண்டும், ஆளுக்கு 150 சதுர அடி என்ற கணக்கில் 60 சதவீதமாவது பயன்பாடு இருக்க வேண்டும் என்று.

பிரிட்டனில் 2022 முதல் தலைமை அலுவலகங்களின் வருகைக் கணக்கை அரசே வெளியிட ஆரம்பித்தது. அதை எப்படி எடுத்தார்கள் என்பதுதான் நமக்கு முக்கியம். சில துறைகள் வாசலில் அட்டை தேய்ப்பதைக் கணக்கிட்டன. சில துறைகள் வைஃபை இணைப்பை எடுத்துக்கொண்டன. வேறு சில கம்ப்யூட்டர் லாகின், சென்சார், கைக்கணக்கு என்று போயின. பத்திரிகைகள் எல்லாத் துறைகளையும் ஒரே அட்டவணையில் வைத்துப் பார்த்தன. ஒருவர் படியில் அளந்த அரிசியையும் இன்னொருவர் தராசில் நிறுத்த அரிசியையும் பக்கத்தில் வைத்து யாரிடம் அதிகம் என்று கேட்பது போன்றது அது.

ஐந்து சாட்சிகள்

கோர்ட்டில் சாட்சி சொல்ல வருகிறவர் தான் பார்த்ததை மட்டும்தான் சொல்ல முடியும். கட்டடத்துக்கும் ஐந்து சாட்சிகள் உண்டு.

முதல் சாட்சி வாசல் அட்டை, அதாவது ஆக்சஸ் கார்டு. யார் உள்ளே வந்தார்கள் என்பது அதற்குத் தெரியும். உள்ளே போய் எங்கே உட்கார்ந்தார்கள் என்பது தெரியாது. பல இடங்களில் வெளியே போக அட்டை தேவையில்லை என்பதால், எப்போது போனார்கள் என்பதும் தெரியாது. மதிய சாப்பாடு முடிந்து ஐந்து பேர் சேர்ந்து திரும்பும்போது என்ன நடக்கும்? ஒருவர் தேய்ப்பார், கதவைப் பிடித்துக்கொள்வார், மற்ற நான்கு பேர் "தேங்க்ஸ்பா" சொல்லிவிட்டு நுழைந்துவிடுவார்கள். மரியாதைதான், ஆனால் நம் கணக்கில் நான்கு பேர் காணாமல் போய்விடுவார்கள்.

இரண்டாவது சாட்சி வைஃபை. எந்த மாடியில், ஏறக்குறைய எந்தப் பக்கம் எத்தனை கருவிகள் இருக்கின்றன என்று சொல்லும். ஆனால் அது எண்ணுவது கருவிகளை, ஆட்களை அல்ல. ஒருவரிடம் லேப்டாப்பும் இரண்டு போனும் இருக்கும். இன்னொருவர் ஆபீஸ் வைஃபையையே தொடமாட்டார், சொந்த டேட்டாதான். 2019இல் ஆண்ட்ராய்டும் 2020இல் ஐபோனும் நெட்வொர்க்குக்கு நெட்வொர்க் வேறு முகவரி காட்டும் முறையைக் கொண்டுவந்த பிறகு, கருவியின் முகவரியை மட்டும் நம்பி எண்ணுவது மேலும் சிக்கலாகிவிட்டது.

மூன்றாவது, முன்பதிவுப் பட்டியல். சீட்டையும் மீட்டிங் ரூமையும் யார் கேட்டார்கள் என்று தெரியும், வந்தார்களா என்று தெரியாது. திங்கட்கிழமை காலை மீட்டிங் என்று ஆறு மாதத்துக்குப் பதிவு செய்துவிட்டு, மூன்றாவது வாரத்திலிருந்து யாருமே வராத ரூம்களை எல்லா ஆபீசிலும் பார்க்கலாம்.

நான்காவது, மேஜைக்கு அடியிலும் கூரையிலும் பொருத்தும் சென்சார். பெரும்பாலும் உடல் வெப்பத்தின் அசைவைப் பார்த்து ஆள் இருப்பதை அறியும். அசையாமல் உட்கார்ந்து படிப்பவரைச் சில நேரம் "இல்லை" என்று சொல்லிவிடும். இதில் நெதர்லாந்து பிரபலமானது. ஆம்ஸ்டர்டாமில் 'தி எட்ஜ்' என்ற கட்டடத்தில் ஏறக்குறைய 28,000 சென்சார்கள் வைத்து, சுமார் 2,500 பேருக்கு 1,000 மேஜை என்று 2015 வாக்கில் நடத்திக் காட்டினார்கள்.

ஐந்தாவது சாட்சி மனிதக் கண். இதுதான் மூத்த சாட்சி. லண்டனில் 1970களில் தொடங்கிய டி.இ.ஜி.டபிள்யூ. என்ற கட்டடக்கலை நிறுவனம் (அதன் நிறுவனர்களில் ஒருவர் பிராங்க் டஃபி) இதை ஒரு முறையாகவே ஆக்கியது. மணிக்கு ஒரு தடவை ஒருவர் மாடி மாடியாக நடந்து ஒவ்வொரு மேஜையையும் குறித்துக்கொள்வார். மூன்று விதக் குறிப்பு: ஆள் இருக்கிறார், காலி, மூன்றாவதாக ஆள் இல்லை ஆனால் அடையாளம் இருக்கிறது. கோட்டு, பை, பாதி குடித்த காபி. இந்த மூன்றாவது வகையை நமக்கு யாரும் விளக்க வேண்டியதில்லை. பஸ் ஜன்னல் வழியாகத் துண்டைப் போட்டு இடம் பிடிக்கிற ஊர்க்காரர்கள் நாம். துண்டு இருக்கும் சீட் காலியா, காலி இல்லையா? சென்சார் காலி என்கும். உட்காரப் போகிறவருக்குத் தெரியும், அது காலி இல்லை!

சாட்சிகளை ஒன்று சேர்ப்பது

ஐந்து பேரையும் கூண்டில் ஏற்றிவிட்டால் உண்மை தானாக வந்துவிடாது. முதலில் எல்லோருடைய கடிகாரமும் ஒன்றாக இருக்க வேண்டும். இது சின்ன விஷயம் மாதிரி தெரியும். வாசல் அட்டை இந்திய நேரத்தில் பதியும். வைஃபை கணினி பல இடங்களில் உலகப் பொது நேரத்தில் பதியும். ஐந்தரை மணி வித்தியாசம். திருத்தாமல் சேர்த்தால், காலை 9.30க்கு வந்த கூட்டம் விடியற்காலை 4 மணிக்கு வந்த மாதிரி இருக்கும். பிறகு ஊரும் ஒன்றாக இருக்க வேண்டும். ஒரு பட்டியலில் "மூன்றாம் மாடி கிழக்கு", இன்னொன்றில் "3பி", மற்றொன்றில் பழைய டிபார்ட்மென்ட் பெயர். இதையெல்லாம் ஒரே வரைபடத்தில் பொருத்துவதற்கே பாதி நாள் போய்விடும்.

அடுத்தது, ஒரு சாட்சியை வைத்து இன்னொருவரைச் சரிபார்ப்பது. ஒரு வாரம் மனிதர் நடந்து எண்ணட்டும். ஒரு மாடியில் 325 பேர் இருக்கும்போது வைஃபை 520 கருவி காட்டுகிறது என்று வைத்துக்கொள்வோம். ஆளுக்கு 1.6 கருவி. அடுத்த வாரம் அதே மாடியில் 480 கருவி என்றால் சுமார் 300 பேர். இந்த 1.6 என்பது அந்த மாடிக்கு மட்டும்தான். கணக்குப் பிரிவுக்கு ஒரு விகிதம், சாஃப்ட்வேர் பிரிவுக்கு ஒரு விகிதம். சில மாதத்துக்கு ஒருமுறை மறுபடி எண்ணித்தான் ஆக வேண்டும். எவ்வளவு மெஷின் வந்தாலும் நடந்து எண்ணுகிறவருக்கு வேலை போகாது.

மூன்றாவது வழி எனக்கு மிகவும் பிடித்தது, ஏனென்றால் அதில் நம் நாட்டுக்காரர் பெயர் இருக்கிறது. 1949இல் மக்கள்தொகை அறிஞர் சி. சந்திரசேகரனும், பின்னாளில் ஜப்பானியத் தொழில்தரத்தோடு பெயர் சேர்ந்துபோன எட்வர்ட்ஸ் டெமிங்கும் சேர்ந்து ஒரு கட்டுரை எழுதினார்கள். கல்கத்தா பக்கம் சிங்கூர் பகுதியில் எத்தனை பிறப்பு, எத்தனை இறப்பு என்பது கேள்வி. பதிவாளரிடம் ஒரு பட்டியல். வீடு வீடாகப் போய் எடுத்தது ஒரு பட்டியல். இரண்டிலும் விடுபட்டவை உண்டு. இரண்டு ஓட்டைப் பட்டியலை வைத்து முழு எண்ணிக்கையை மதிப்பிட முடியுமா? முடியும் என்று காட்டினார்கள்.

ஆபீசுக்குப் பொருத்திப் பார்ப்போம். ஒரு நாள் அட்டைப் பட்டியலில் 300 பேர். வைஃபை பட்டியலில் 280 பேர். இரண்டிலும் இருப்பவர்கள் 240 பேர். வைஃபை பார்த்த 280 பேரில் 240 பேரை அட்டையும் பிடித்திருக்கிறது. அதாவது ஏழுக்கு ஆறு. அப்படியானால் அட்டை பிடித்த 300 என்பது மொத்தத்தில் ஏழில் ஆறு பங்கு. மொத்தம் 350. இரண்டு பட்டியலையும் சேர்த்து எண்ணினாலும் 340தான் வரும். இரண்டிலும் படாத 10 பேரைக் கணக்குத் தேடிக் கொடுக்கிறது. ஆனால் ஒரு நிபந்தனை: ஒரு பட்டியலில் விடுபடுவதற்கும் மற்றதில் விடுபடுவதற்கும் சம்பந்தம் இருக்கக் கூடாது. இந்த நிபந்தனையைக் கொஞ்சம் ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், திரும்ப வருகிறேன்.

சராசரி என்னும் சமாச்சாரம்

எண்ணிக்கை கிடைத்துவிட்டது. இனிமேல்தான் தகராறே. 400 சீட் உள்ள ஓர் ஆபீசில் திங்கள் 180, செவ்வாய் 300, புதன் 310, வியாழன் 260, வெள்ளி 100 பேர் வருகிறார்கள் என்று வையுங்கள். சராசரி 230. "57 சதவீதம்தான் சார், 250 சீட் போதும், ஒரு மாடியைத் திருப்பிக் கொடுத்திடலாம்" என்று ஒருவர் படம் போட்டுக் காட்டுவார். கொடுத்துவிட்டால் செவ்வாய்க்கிழமை 50 பேரும், புதன்கிழமை 60 பேரும், வியாழக்கிழமை 10 பேரும் லேப்டாப்பைக் கையில் வைத்துக்கொண்டு கேன்டீனில் உட்கார வேண்டும். கல்யாண மண்டபத்தை ஆண்டு முழுவதற்குமான சராசரிக் கூட்டத்துக்காக யாரும் கட்டுவதில்லை, முகூர்த்த நாளுக்காகத்தான் கட்டுகிறார்கள்.

இதற்கு மறுபக்கமும் உண்டு. புதன்கிழமை வந்த 310 பேரும் ஒரே நேரத்தில் இருந்தார்களா? அட்டைக் கணக்கு நாள் முழுவதும் வந்த தலைகளைச் சொல்கிறது. காலையில் வந்து மதியம் போனவர்களும் மதியம் வந்தவர்களும் அதில் சேர்ந்திருப்பார்கள். ஒரே நேரத்தில் அதிகபட்சம் எத்தனை பேர் என்பதைச் சென்சாரும் வைஃபையும்தான் சொல்ல முடியும். அது 260ஆக இருக்கலாம். ஆக, சராசரியை நம்பினால் சீட் போதாது, மொத்தத் தலையை நம்பினால் சீட் வீணாகும். இரண்டு சாட்சியையும் சேர்த்துக் கேட்டால்தான் சரியான எண் கிடைக்கும்.

வகுப்பறைகளுக்குப் பிரிட்டன் பல்கலைக்கழகங்களில் ஓர் எளிய சூத்திரம் வைத்திருக்கிறார்கள். எத்தனை மணி நேரம் பயன்பட்டது என்ற சதவீதத்தை, பயன்பட்டபோது எவ்வளவு நிரம்பியது என்ற சதவீதத்தோடு பெருக்க வேண்டும். ஒரு மீட்டிங் ரூம் 60 சதவீத நேரம் பயன்படுகிறது, அப்போது 30 சதவீதம் நிரம்புகிறது என்றால் பயன்பாடு 18 சதவீதம். இதைப் பார்த்து ரூமை மூட வேண்டும் என்று சொன்னால் அது தவறு. பத்துப் பேர் ரூமில் மூன்று மூன்று பேராக உட்கார்ந்து பேசுகிறார்கள் என்பதுதான் செய்தி. நடுவில் ஒரு தடுப்புப் போட்டு இரண்டு சின்ன ரூம் ஆக்கினால், "ரூமே கிடைக்கலை" என்ற புகார் குறைந்துவிடும்.

எந்தப் பட்டியலிலும் இல்லாதவர்கள்

இப்போது அந்த நிபந்தனைக்கு வருகிறேன். ஓர் அலுவலகத்தில் அளவெடுத்துக்கொண்டிருந்தபோது, லிஃப்டுக்குப் பின்னால் இருந்த ஒரு சின்ன ரூம் எல்லாப் பட்டியலிலும் பூஜ்யம் காட்டியது. முன்பதிவு இல்லை, வைஃபை இல்லை, அட்டை இல்லை, சென்சார் வைக்கவே இல்லை. அதை எடுத்துவிட்டு பிரிண்டர் வைக்கலாம் என்று திட்டம். மதியம் இரண்டரை மணிக்கு நான் நடந்து எண்ணப் போனேன். கதவைத் திறந்தால் ஹவுஸ்கீப்பிங் வேலை செய்யும் ஆறு அம்மாமார்கள் தரையில் உட்கார்ந்து டிபன் பாக்ஸைப் பிரித்து வைத்திருந்தார்கள்.

"என்ன தம்பி, என்ன வேணும்?" என்று கேட்டார் ஒருவர்.

"ஒண்ணுமில்லைம்மா, யார் யார் எங்க உட்கார்றாங்கன்னு எழுதிட்டிருக்கேன்."

"அப்போ எங்களையும் எழுதிக்கோ. காலைல ஆறு மணிக்கு வந்தா இங்கதான் ஒரு தடவை உட்கார்றோம்."

எழுதிக்கொண்டேன். ரூம் தப்பித்தது, பிரிண்டர் வேறு இடத்துக்குப் போனது. ஆனால் எனக்கு விளங்கிய விஷயம் பெரியது. ஒப்பந்தத் தொழிலாளிக்குக் கம்பெனி மெயில் இல்லை, அதனால் வைஃபை இல்லை. தனி அட்டை இல்லை, சூப்பர்வைசர் அட்டையில்தான் கதவு திறக்கும். ஒதுக்கிய மேஜை இல்லை. ஒரு பட்டியலில் விடுபட எது காரணமோ, அதுவே மற்றப் பட்டியலிலும் விடுபடக் காரணம். அந்த இடத்தில் சந்திரசேகரன்–டெமிங் கணக்கு உதவாது. எத்தனை டேட்டாவைச் சேர்த்தாலும் எல்லாம் ஒரே ஆட்களை விட்டுவிட்டால், விடுபட்டவர்கள் விடுபட்டவர்களே. செக்யூரிட்டி, டிரைவர், கேன்டீன் பையன்கள் எல்லோரும் இதில் அடக்கம். தீ விபத்து ஏற்பட்டு, வெளியே வந்தவர்களை எண்ணும் நேரம் வந்தால் இந்தக் கணக்குப் பிழையின் விலை என்ன என்று நீங்களே யோசித்துக்கொள்ளுங்கள்.

அளப்பது வேறு, வேவு பார்ப்பது வேறு

இன்னொரு பக்கத்தையும் சொல்லாமல் போகக் கூடாது. இரண்டு பட்டியலை ஒப்பிட வேண்டுமென்றால் ஆள் அடையாளம் வேண்டும். அடையாளம் கைக்கு வந்தால் ஆசையும் வரும். "அப்படியே அந்த முருகன் எத்தனை மணிக்கு வந்தான்னு பார்த்துச் சொல்லுங்களேன்" என்று யாராவது கேட்பார்கள். 2016 ஜனவரியில் லண்டனில் ஒரு பெரிய நாளிதழ் அலுவலகத்தில் ஊழியர்கள் ஒரு காலை வந்து பார்த்தால் மேஜைக்கு அடியில் சென்சார் பெட்டி. முன்கூட்டி ஒரு வார்த்தை சொல்லவில்லை. எதிர்ப்புக் கிளம்பி அன்றைக்கே கழற்றிவிட்டார்கள். ஏ.சி. செலவைக் குறைக்கத்தான் வைத்தோம் என்று சொன்னது எடுபடவில்லை.

இதில் தர்மம் மட்டும் இல்லை, கணக்கும் இருக்கிறது. வருகைக் கணக்கை வைத்துத் தண்டிக்க ஆரம்பித்தால் மறுநாளே ஜனங்கள் பழக்கத்தை மாற்றிக்கொள்வார்கள். வந்து அட்டையைத் தேய்த்து, ஒரு காபி குடித்து, வீட்டுக்குப் போய்விடுவார்கள். இதற்கு அமெரிக்காவில் 'காபி பேட்ஜிங்' என்று பேரே வைத்துவிட்டார்கள். அப்புறம் நம் பட்டியலில் ஆபீஸ் நிறைந்திருக்கும், நாற்காலி காலியாக இருக்கும். கெடுவது ஊழியர் நம்பிக்கை மட்டுமல்ல, டேட்டாவும்தான்.

எனவே நான் வேலை எடுக்கும்போது நான்கு விஷயங்களைக் கறாராகப் பேசிவிடுகிறேன். எதை, எதற்காக, எத்தனை நாள் அளக்கிறோம் என்று ஊழியர்களுக்கு முன்னாலேயே சொல்ல வேண்டும். ஒப்பிட்டு முடித்ததும் பெயர், அட்டை எண் எல்லாவற்றையும் அழித்துவிட வேண்டும். அறிக்கையில் மாடி வாரியாகத்தான் எண் வரும், பத்துப் பேருக்குக் குறைந்த குழுவுக்குத் தனி எண் வராது. இந்தக் கணக்கை வைத்து யார் மீதும் நடவடிக்கை எடுக்கக் கூடாது. நம் நாட்டில் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 2023இல் நிறைவேறி, அதன் விதிகள் 2025 நவம்பரில் அறிவிக்கப்பட்டிருக்கின்றன. சட்டத்துக்குப் பயந்து செய்வதை விட, கேட்காமலே செய்துவிட்டால் நல்ல பெயராவது மிஞ்சும்.

மாணவர்களுக்கு ஒரு வேலை

மாணவச் செல்வங்களே, இதைப் படிக்க அமெரிக்கா போக வேண்டாம், சென்சார் வாங்க வேண்டாம். நம் கல்லூரி நூலகம் இருக்கிறது. இரண்டு வாரம், நான்கு பேர் முறை வைத்துக்கொண்டு, அரைமணிக்கு ஒரு தடவை வாசிப்பறையைச் சுற்றி வாருங்கள். ஆள், பொருள் மட்டும், காலி என்று மூன்று பத்தி போடுங்கள். வாசலில் கையெழுத்துப் போடும் நோட்டில் உள்ள எண்ணிக்கையோடு ஒப்பிடுங்கள். எத்தனை பேர் கையெழுத்துப் போடாமல் நுழைகிறார்கள், எந்த மணிக்கு இடம் போதவில்லை, ஃபேன் ஓடாத மூலையில் ஏன் யாருமே உட்காருவதில்லை என்பதெல்லாம் தெரியவரும். யார் பெயரையும் எழுத வேண்டாம். நூலகத்தைப் பெருக்கித் துடைக்கிற அம்மா எப்போது, எங்கே உட்காருகிறார் என்பதை மட்டும் மறக்காமல் எழுதுங்கள். புள்ளியியல் துறையும் கணினித் துறையும் சேர்ந்து செய்தால் நல்ல புராஜெக்ட் ஆகும். முதல்வர் அவர்களிடம் அறிக்கையாகக் கொடுத்தால், அடுத்த வருஷம் புது நாற்காலி வாங்கும்போது எத்தனை, எங்கே என்று அவருக்கும் உதவியாக இருக்கும்.

முன்னாள் மாணவ நண்பர்களுக்கு ஒரு வேண்டுகோள். உங்களில் பலர் இன்றைக்கு ஒரு மாடியை வைத்துக்கொள்வதா, திருப்பிக் கொடுப்பதா என்று கையெழுத்துப் போடும் இடத்தில் இருக்கிறீர்கள். யாராவது ஒரே ஒரு சதவீதத்தைக் கொண்டுவந்து நீட்டினால் மூன்று கேள்வி கேளுங்கள். எதால் வகுத்தாய்? எந்த நாள், எந்த நேரம்? யாரை எண்ணவில்லை? இந்த மூன்றுக்கும் பதில் இருந்தால் கையெழுத்துப் போடுங்கள். இல்லையென்றால் எழுந்து போய் ஒரு சுற்று நடந்து பாருங்கள், காசு செலவில்லாத கணக்கெடுப்பு அது.